தச்சும் அச்சும்

சிறுதேர்: விளையாட்டு வாகனங்களின் வரலாறு – அத்தியாயம் 14

சென்ற அத்தியாயத்தில் சோளத்தட்டை வண்டியைப் பார்த்தோம். கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் அறுவடை முடிந்ததும் பிள்ளைகள் காய்ந்த தட்டையை எடுத்துக்கொள்வார்கள். மேல்தோலை நீளமாக உரிப்பார்கள். உள்ளே இருக்கும் வெள்ளைத் தக்கையைத் துண்டு துண்டாக நறுக்குவார்கள். தக்கை சட்டமாகும், சக்கரமாகும். உரித்த தோல் ஈர்க்கு ஆணியாகும், அச்சாகும். பசையும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். பாகங்களைத் தனித்தனியே செய்து, கோத்து, அரை மணி நேரத்தில் ஒரு மாட்டுவண்டியை நிறுத்திவிடுவார்கள்.

பாகம் பாகமாகக் கொடுத்து, கோக்கும் வேலையை வாங்கியவர் கையில் விடுவதுதான் 'மாடல் கிட்' என்ற பொருளின் அடிப்படையும். இந்த அத்தியாயம் அந்தக் கிட்டுகளைப் பற்றியது. கார், லாரி, டாங்கி, விமானம் என்று பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிச் செய்யும் பெட்டிகள். அவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள். நாற்பது, ஐம்பது வருடம் கழித்து அதே அச்சிலிருந்து மறுபடி வெளிவரும் மறுவெளியீடுகள். கதை கள்ளக்குறிச்சியில் தொடங்கி ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா என்று போய் நம் நாட்டுக்கே திரும்புகிறது.

உளி பிடித்த ஊர்

கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆறு கச்சிராயபாளையத்துக்கு அருகே அணையில் தேங்கிக் கள்ளக்குறிச்சிப் பக்கம் இறங்குகிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இந்த ஊரை வெளியூர்க்காரர்கள் கரும்புக்கும் நெல்லுக்கும் மட்டும் அறிந்திருக்கலாம். மரவேலை அறிந்தவர்களுக்கு இது உளி பிடித்த ஊர். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021-ல் புவிசார் குறியீடு பெற்றது. பூம்புகார் என்ற பெயரில் நாம் அறிந்த தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் மரச்சிற்ப உற்பத்தி நிலையமும் இங்கே இருக்கிறது.

கோயில் வாகனம் ஒன்று பழுதாகிவிட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குதிரை வாகனத்தின் கால் உளுத்துவிட்டது, கழுத்தில் விரிசல். புதிது செய்யச் சொல்லி ஊர் முடிவெடுக்கிறது. ஆசாரி பழைய குதிரையை அளக்கிறார். முகத்தின் நீளம், கழுத்தின் வளைவு, முன்னங்கால் தூக்கிய உயரம் எல்லாம் கணக்கில் வருகின்றன. தாளில் வரைந்து மரத்துக்கு மாற்றி, பெரிய உளியால் புறவடிவம் எடுத்து, சின்ன உளிகளால் கண்ணும் பிடரியும் திறந்து, கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார். புதுக் குதிரை தெருவில் இறங்கும்போது அதைப் போலி என்று யாரும் சொல்வதில்லை. அதே குதிரைதான், புது மரத்தில் வந்திருக்கிறது.

திருவாரூர் ஆழித்தேர் 1926-ல் தீக்கிரையானது. 1930-ல் புதுத்தேர் ஓடியது. அதை இன்றும் நாம் ஆழித்தேர் என்றுதான் வணங்குகிறோம். பழையதை அளந்து மறுபடி செய்வது நம்மிடம் வழிவழியாக இருக்கும் பழக்கம். மறுவெளியீடு என்ற விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வாசல் கிடையாது.

கோயில் தச்சர்களின் வாரிசுகள்

ஜப்பானில் ஃபியூஜி மலைக்குத் தென்மேற்கே, கடலோரத்தில் ஷிஸுவோகா என்று ஒரு நகரம். எடோ காலத்தில் அங்குள்ள செங்கென் ஆலயத்தைக் கட்டவும் புதுப்பிக்கவும் நாட்டின் பல மூலைகளிலிருந்து தச்சர்களும் சிற்பிகளும் அரக்குப் பூச்சுக்காரர்களும் வரவழைக்கப்பட்டார்கள். வேலை முடிந்த பிறகும் பலர் அங்கேயே தங்கினார்கள். அவர்களால் அந்த ஊர் மரச்சாமான்களுக்கும் அரக்கு வேலைக்கும் பெயர் பெற்றது. பிறகு மர மாடல்கள், அதன் பிறகு பிளாஸ்டிக் மாடல்கள். அஓஷிமா (1924), ஹசெகாவா (1941), தமியா (1946) ஆகிய நிறுவனங்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள் தொடங்கியவை. ஜப்பானின் பிளாஸ்டிக் மாடல்களில் பெரும்பகுதி இன்றும் அங்கிருந்துதான் வருகிறது.

இவர்களில் தமியாவின் கதை நமக்கு முக்கியம். யோஷியோ தமியா 1946-ல் தொடங்கியது மர அறுவை ஆலை. அறுத்த மரம் கையில் இருந்ததால் மரத்தில் கப்பல், விமான மாடல்கள் செய்யத் தொடங்கினார்கள். 1950-களில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கிட்டுகள் ஜப்பானுக்குள் வந்தன. மரத்தைச் செதுக்கிச் செதுக்கிக் கொண்டுவர வேண்டிய நுணுக்கம் பிளாஸ்டிக்கில் அச்சாகவே விழுந்திருந்தது. மர மாடல் விற்பனை சரிந்தது.

தமியாவும் பிளாஸ்டிக்குக்கு மாறியது. 1960-ல் யமாட்டோ போர்க்கப்பலின் கிட்டை வெளியிட்டார்கள். அதே சமயம் போட்டி நிறுவனம் அதே கப்பலைக் குறைந்த விலைக்கு இறக்கிவிட்டது. அச்சு வெட்டிய செலவைக்கூட மீட்க முடியவில்லை. அடுத்து மோட்டாரில் ஓடும் ஜெர்மானியப் பாந்தர் டாங்கி. பெட்டிக்கு ஷிகெரு கொமாட்சுஸாகி வரைந்த ஓவியம் ஒருபுறம், எளிதாகக் கூட்டக்கூடிய வடிவமைப்பு ஒருபுறம். கிட் பெரிய வெற்றி பெற்றது. மோட்டாரும் இரண்டு பேட்டரிகளும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காகத்தான் டாங்கிக்கு அந்த அளவு வைத்தார்கள். பிறகு உண்மையான டாங்கியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய 35-ல் 1 பங்கு. இன்று உலகம் முழுவதும் ராணுவ வாகன மாடல்களுக்கு 1/35 என்பது நிலைத்த அளவு. இரண்டு பேட்டரிகள் தீர்மானித்த அளவு அது.

மரத்தில் பழகிய கண்தான் அச்சையும் நுணுக்கமாக வெட்டக் கற்றுக்கொடுத்தது என்பது ஷிஸுவோகாவின் பாடம். உளி பிடித்த ஊர்கள் பின்தங்கிய ஊர்கள் என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

சீப்புக் கம்பெனியின் டிராக்டர்

பிளாஸ்டிக் கிட்டின் பிறப்பு இங்கிலாந்தில். 1936-ல் ஃபிராக் நிறுவனம் 'பெங்குவின்' என்ற பெயரில் 1/72 அளவு விமானக் கிட்டுகளை வெளியிட்டது. பொருள் செல்லுலோஸ் அசிடேட். காலப்போக்கில் அது கோணிக்கொள்ளும். அதனால் நல்ல நிலையில் உள்ள பெங்குவின் பெட்டி சேகரிப்பாளர்களுக்கு அரிய பொருள். பின்னால் வந்த பாலிஸ்டைரீனுக்கு அந்தக் குறை இல்லை. இன்றுவரை கிட்டுகளின் பொருள் அதுதான்.

ஹங்கேரியிலிருந்து வந்த நிக்கோலஸ் கோவ் 1939-ல் லண்டனில் ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள், போருக்குப் பிறகு பிளாஸ்டிக் சீப்புகள். 1949-ல் ஃபெர்குசன் டிராக்டர் நிறுவனம் அவரிடம் வந்தது. விற்பனையாளர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்ட ஒரு சின்ன டிராக்டர் வேண்டும். பாகங்களைக் கூட்டி முடிப்பது ஆலைக்குச் செலவான வேலையாக இருந்தது. அதனால் கூட்டாமல் பாகங்களாகவே கடையில் விற்கும் பதிப்பும் வந்தது. ஏர்ஃபிக்ஸ் கிட்டுகளின் தொடக்கம் இந்த டிராக்டர். 1952-ல் 'கோல்டன் ஹைண்ட்' கப்பல் பாலிஸ்டைரீனில், மலிவான பையில், உல்வொர்த் கடைகளுக்கு வந்தது. அதன் பிறகுதான் கிட் என்பது பையன்களின் கைச்செலவுக்குள் அடங்கும் பொருளானது.

அந்த ஃபெர்குசன் டிராக்டரின் வம்சம் நமக்குப் பழக்கமானதுதான். ஃபெர்குசன் பிறகு மாஸ்ஸி ஃபெர்குசன் ஆனது. அதன் கூட்டுறவோடு சென்னையில் 1960-ல் டாஃபே தொடங்கியது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்கு அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றி வரும் டிராக்டர்களில் சிவப்பு வண்டிகளைக் கவனித்துப் பாருங்கள். ஏர்ஃபிக்ஸின் முதல் டிராக்டர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ அந்தக் குடும்பம்தான் இங்கே கரும்பு இழுக்கிறது.

இரும்பில் இருக்கும் சொத்து

அச்சு வேலை செய்யும் விதம் தெரியாமல் மறுவெளியீடு புரியாது. மோதகம் பிடிக்கும் இரட்டை அச்சைப் போல, இரண்டு எஃகுப் பாளங்கள் எதிரும் புதிருமாக மூடிக்கொள்ளும். நடுவில் கதவு, பானெட், சக்கரம், சீட் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் பள்ளம் வெட்டியிருக்கும். உருகிய பிளாஸ்டிக்கை அதிக அழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள். குளிர்ந்ததும் பாளம் திறக்கும். பாகங்கள் எல்லாம் ஒரு சட்டத்தில் ஒட்டியபடி வெளியே விழும். அச்சு வெட்டத்தான் பெரிய முதலீடு. அதன்பின் வரும் ஒவ்வொரு பிரதிக்கும் ஆகும் செலவு சொற்பம்.

அதனால் கம்பெனி மூழ்கினாலும் அச்சு மூழ்குவதில்லை, கை மாறும். ஓடி ஓடித் தேய்ந்த அச்சில் பாளங்கள் இறுக மூடாது. ஓரங்களில் மெல்லிய பிசிறு கசியும். கிட் செய்கிறவர் அதை உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளிக்குப் பட்டி பார்த்து அடைப்பார். கள்ளக்குறிச்சி ஆசாரி கையில் இருக்கும் அதே உப்புத்தாள்தான்.

அமெரிக்காவில் ஏ.எம்.டி. நிறுவனம் 1948 முதல் கார் ஷோரூம்களுக்கு மாடல் கார்கள் செய்துகொடுத்தது. 1958-ல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகச் செய்யக்கூடிய கிட்டுகளைக் கொண்டுவந்தது: அசல் கார், அலங்காரக் கார், பந்தயக் கார். ஒவ்வொரு வருடமும் டெட்ராய்ட் புது மாடல் இறக்கும்போது ஏ.எம்.டி.யும் தன் அச்சைத் திருத்தும். போன வருடக் கார் இருந்த எஃகிலேயே இந்த வருடக் காரை வெட்டுவார்கள். செலவு மிச்சம், ஆனால் போன வருடக் கார் அந்த அச்சிலிருந்து இனி வராது. சில பழைய கிட்டுகளுக்குச் சேகரிப்பாளர்கள் பெரும் பணம் கொடுப்பதன் காரணம் இதுதான். அவற்றின் அச்சு வேறு காராக மாறிவிட்டது.

திரும்பி வரும் பெட்டிகள்

ஃபிராக்கின் முடிவு இன்னும் விசித்திரம். 1970-களின் நடுவில் நிறுவனம் மூடியபோது அதன் அச்சுகளில் பெரும்பகுதி சோவியத் யூனியனுக்குப் போனது. 'நோவோ' என்ற பெயரில் அங்கே கிட்டுகள் வந்தன. ஆனால் ஜெர்மானிய, ஜப்பானிய விமான அச்சுகளைச் சோவியத் தரப்பு எடுத்துக்கொள்ளவில்லை. அவை ரெவெல் நிறுவனத்திடம் சேர்ந்தன. போர் முடிந்து முப்பது வருடம் ஆகியும் பொம்மை விமானத்துக்குக்கூட அந்த நினைவு விலகவில்லை.

ஏர்ஃபிக்ஸ் 1981-ல் நொடித்தது. பாலிடாய் வாங்கியது, 1986-ல் ஹம்ப்ரோலுக்கு வந்தது, 2006-ல் ஹம்ப்ரோலும் விழ, ஹார்ன்பி எடுத்துக்கொண்டது. இத்தனை கை மாறியும் அச்சுகள் பிழைத்தன. இன்று 'விண்டேஜ் கிளாசிக்ஸ்' என்ற வரிசையில் அந்தப் பழைய அச்சுகளே திரும்ப ஓடுகின்றன. 1964 முதல் 1974 வரை ராய் கிராஸ் வரைந்த ஓவியங்களும் பெட்டிகளின் மேல் திரும்பியிருக்கின்றன. அமெரிக்காவில் ஏ.எம்.டி., எம்.பி.சி. என்ற இரு பெயர்களும் இப்போது ரவுண்ட் 2 நிறுவனத்திடம். அச்சில் தொலைந்த பாகங்களை அவர்கள் பழைய கிட்டைப் பார்த்து அளந்து, கணினியில் வரைந்து, புதிதாக வெட்டுகிறார்கள். உளுத்த குதிரையை அளக்கும் ஆசாரியின் வேலையே அது.

மறுவெளியீடு வந்தால் பழைய பெட்டியின் விலை பெரும்பாலும் இறங்கும். சேர்த்து வைத்தவர்களில் சிலருக்கு வருத்தம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை: அந்த வருத்தத்தைவிட, அந்தக் காரை இத்தனை வருடம் படத்தில் மட்டும் பார்த்த ஒருவர் அதைக் கையில் வாங்குவது பெரிது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பாகத்தின் அடியில் பொறித்த வருடத்தை நம்பி வாங்காதீர்கள். அது அச்சு வெட்டிய வருடம், பெட்டி வெளிவந்த வருடம் வேறு. பெட்டியில் பார்கோடு இருந்தால் அது கிட்டுகளின் முதல் தலைமுறைப் பெட்டி அல்ல. முத்திரை உடையாத பெட்டி என்றாலும் உள்ளே எல்லாம் நலம் என்று சொல்ல முடியாது. பழைய வினைல் டயர் பல வருடம் பிளாஸ்டிக் பாகத்தோடு ஒட்டிக் கிடந்தால், டயரில் உள்ள எண்ணெய்ப் பொருள் கசிந்து அந்தப் பாகத்தை உருக்கிப் பள்ளமாக்கிவிடும். டயரைத் தனிப் பையில் போட்டு வையுங்கள். மஞ்சளித்த டெக்கால் தாளை (மாடலில் ஒட்டும் படத்தாள்) வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்தால் வெளுக்கும். நம் ஊர் ஈரத்துக்கும் செல்லுக்கும் அட்டைப்பெட்டி தாங்காது; இரும்பு பீரோவின் மேல்தட்டு நல்லது.

நம் கரைக்கு வந்த அச்சுகள்

வெளிநாட்டு அச்சுகள் இந்தியாவுக்கும் வந்தன. 1960-களின் பிற்பகுதியில் லிவர்பூலின் டிங்கி பொம்மைக் கார்களின் அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, 'நிக்கி' என்ற பெயரில் உலோகக் கார்களாக வெளிவந்தன. ஜாகுவாரும் மெர்சிடீஸும் சற்றுக் கனத்த வார்ப்பில், பிசிறோடு, நம் கடைகளில் கிடைத்தன. அதே கல்கத்தாவில் மில்டன் நிறுவனம் இங்கிலாந்தின் கார்கி வகைப் பொம்மைக் கார்களைச் செய்தது. 1980-களில் புளோ பிளாஸ்ட் நிறுவனத்தின் லியோ பெயரில் ஹாட் வீல்ஸ் இங்கேயே உற்பத்தியானது. 1987-ல் சென்னையின் எம்.ஆர்.எஃப்., ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூலைத் தொடங்கியது. அமெரிக்காவில் 1994-ல் ஹாஸ்ப்ரோவின் ஜி.ஐ. ஜோ பொம்மை வரிசை நின்ற பிறகும் அந்த அச்சுகள் இந்தியாவில் ஓடின. இங்கே மட்டும் வந்த நிறங்களைத் தேடி இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் விலை கொடுக்கிறார்கள். 2010-களில் வந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றின் ஓரத்தில் 'மேட் இன் இந்தியா' என்று இருக்கும். இங்கிலாந்துப் பையன் ஒட்டிய ஸ்பிட்ஃபயர் விமானம் இந்தியத் தொழிலாளியின் கையிலிருந்து போனது.

அச்சு வெட்டும் கல்வியும் நம்மிடம் உண்டு. 1968-ல் சென்னை கிண்டியில் தொடங்கிய சிப்பெட் நிறுவனத்தில் படித்தவர்கள் நாடு முழுவதும் பிளாஸ்டிக் அச்சுத் தொழிலில் இருக்கிறார்கள். பஞ்சமெல்லாம் பதிவுக்குத்தான். கல்கத்தாவில் ஓடிய அந்த அச்சுகளை இயக்கிய பணியாளர்களின் அனுபவத்தை நாம் எழுதி வைக்கவில்லை. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் எழுதிய பட்டியல்களிலிருந்துதான் நம் பொம்மைகளின் வரலாற்றை நாமே படிக்க வேண்டியிருக்கிறது. இது நம் வேலை. நாம்தான் செய்ய வேண்டும். வீட்டுப் பரணில் நிக்கியோ லியோவோ இருந்தால் படம் எடுங்கள். அடித்தட்டில் உள்ள எழுத்தைக் குறித்து வையுங்கள். அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர் உங்கள் தெருவில் இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

எதைக் காப்பது?

குறுந்தொகையின் 61-ஆம் பாட்டில் தும்பிசேர்கீரனார் ஒரு பொம்மை வண்டியைக் காட்டுகிறார். தச்சன் செய்த சிறு குதிரை வண்டி, ஏறிப்போக முடியாது, பிள்ளைகள் கையால் இழுத்தே மகிழ்கிறார்கள். பெரும்பாணாற்றுப்படையிலோ, தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த சிறுதேர் வருகிறது. அழகான வண்டிகளை நாள்தோறும் பார்த்து வளரும் பிள்ளைகளும் விரும்பும் பொருள் என்றால் அதன் வேலைப்பாட்டை எண்ணிப் பாருங்கள். இரண்டிலும் மகிழ்ச்சி கை படுவதில் இருக்கிறது. ஐம்பது வருடம் திறக்காத பெட்டிக்கு விலை உண்டு. ஆனால் அதைச் செய்தவர் எந்த மகிழ்ச்சிக்காகச் செய்தாரோ அது அதற்குள் பூட்டிக் கிடக்கிறது. மறுவெளியீடு அந்தப் பூட்டைத் திறக்கிறது. பழைய பெட்டியைச் சான்றாக வையுங்கள். புதுப் பெட்டியைப் பிரித்து ஒட்டுங்கள். வீட்டில் பிள்ளை இருந்தால் இரண்டாவது பெட்டியையும் வாங்குங்கள்.

கள்ளக்குறிச்சிக்கும் இதே பாடம்தான். இங்கே அச்சு எஃகில் இல்லை; ஆசாரியின் கையிலும் கணக்கிலும் இருக்கிறது. எஃகு அச்சு கிடங்கில் நூறு வருடம் கிடந்தாலும் எண்ணெய் தடவி ஓட்டலாம். கையில் இருக்கும் அச்சு அடுத்த கைக்குப் போகாவிட்டால் அத்தோடு முடிந்தது. புவிசார் குறியீடு பெயரைக் காக்கும். கணக்கை அது காக்காது. வாகனங்களின் அளவுகளை வரைபடமாகப் பதிய வேண்டும். தேர்க்கால் முதல் குதிரை வரை சிறிய மரப் பாகங்களாகச் செதுக்கி, பள்ளிப் பிள்ளைகள் கோத்துச் செய்யும் கிட்டாகக் கள்ளக்குறிச்சித் தேர் ஒன்று வர வேண்டும். கல்வராயன் மலைப் பள்ளியில் ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண்பிள்ளையும் சென்னையில் ஒரு பையனும் ஒரே தேரைக் கோக்க வேண்டும். கோயில் தச்சர்களின் ஊர் ஒன்று உலகத்துக்கே மாடல் கொடுக்க முடியும் என்று ஷிஸுவோகா காட்டிவிட்டது. நமக்கு மரமும் இருக்கிறது, உளியும் இருக்கிறது, இரண்டாயிரம் வருடப் பழக்கமும் இருக்கிறது. தொடங்க வேண்டியதுதான் பாக்கி.

அடுத்த அத்தியாயம்: அம்பாசிடரும் ஆட்டோவும் பொம்மைக் கடைக்கு வந்த கதை.

(தொடரும்)